பாத்துச் சொல்லுங்க

ஜூலை 3, வியாழன்

இந்த வருடம் முதுகலை வரலாற்றில் சேர்ந்தவர்கள் ஒன்பதே பேர். அதனால் எனக்குப் பாட நேரம் குறைகிறது. துறைத் தலைவர் அருள்செல்வம் காலையில் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி வரவழைத்து, அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். காபி வந்தபோதே எனக்குச் சந்தேகம்தான்.

"சார், திறன் மேம்பாட்டுத் தாள் ஒண்ணு புதுசா வந்திருக்கு. சமூக ஊடகத் திறன். எல்லாத் துறைப் பிள்ளைகளும் எடுக்கலாம். நீங்க நடத்துனீங்கன்னா பணிச்சுமை சரியாயிரும்."

"நான் பாண்டியர் கல்வெட்டு நடத்துறவன். என்னையப் போயி ரீல்ஸ் போடச் சொல்லிக்குடுக்கச் சொல்லுதீங்க."

"போடச் சொல்லிக்குடுக்க வேண்டாம் சார். பாக்கச் சொல்லிக்குடுங்க."

ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருக்கும்போது இப்படி ஒரு கேடு. பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொடுக்க வேண்டிய விஷயமா இது? வீட்டுக்கு வந்து உலகுவிடம் புலம்பினேன். என் மனைவி உலகம்மை எதையும் சிரித்தே கேட்பவள்.

"நல்லாப் போச்சு. இனிமே எனக்கும் சொல்லித் தருவீங்கள்லா" என்றாள். ஓசூரில் இருக்கும் மகள் ரேவதி வாங்கிக் கொடுத்த போன் அவள் கையை விட்டு இறங்குவதில்லை.

ஜூலை 8, செவ்வாய்

நெல்லையப்பர் தேர். உலகு வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வெயிலில் செருப்பில்லாமல் நடந்து வந்திருக்கிறாள். சர்க்கரை உள்ளவள் இப்படி நடக்கலாமா என்று சத்தம் போட்டேன். பல வருடமாக மாத்திரை. போன வருடத்திலிருந்து ஊசி வேறு. வயிற்றில் குத்திக்கொள்ளும்போது தினமும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பழகவே இல்லை அவளுக்கு.

புதுத் தாளின் பாடத்திட்டத்தைப் படித்து முடித்தேன். 'நம்பகத்தன்மையை மதிப்பிடுதல்' என்று ஓர் அலகு இருக்கிறது. முப்பது வருடமாக நான் வேறு என்ன செய்துகொண்டிருந்தேன்?

ஜூலை 14, திங்கள்

முதல் வகுப்பு. நாற்பது பேர், பாதிப் பேர் வேதியியல், கணிதம். நான் எடுத்த எடுப்பில் கல்வெட்டுப் படத்தைத் திரையில் போட்டேன். எல்லாரும் தவறான அறைக்கு வந்துவிட்டோமோ என்று பார்த்தார்கள். நிலம் கொடுத்த செய்தியின் கடைசியில் சாட்சிகள் ஒவ்வொருவரும் பெயர் சொல்லி 'இப்படி அறிவேன்' என்று எழுத்திட்டிருப்பார்கள். அதைக் காட்டி, "உங்க போன்ல வர்ற ஒவ்வொண்ணுக்கும் கீழே யாரு இப்படி அறிவேன்னு சொல்லுதாங்க, அவங்களுக்கு எப்படித் தெரியும்? இந்தத் தாள்ல இதைத்தான் கேக்கப் போறோம்" என்றேன். பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் குறித்துக்கொண்டாள். ஜெபக்கனி, நம் துறைதான். வாய் திறக்காத பிள்ளை.

வீட்டுக்கு வந்தால் போனில் செய்திகள் குவிந்து கிடக்கின்றன. உலகு கூடத்தில் உட்கார்ந்துகொண்டு உள்ளறையில் இருக்கும் எனக்கு வீடியோ அனுப்புகிறாள். எழுந்து வந்து சொன்னால் என்ன? சமையல், ஜோசியம், வைத்தியம். ஒவ்வொன்றின் பின்னாலேயும் அவள் குரலில் ஒரு பதிவு வரும். இதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். எது வந்தாலும் ஒரு கட்டைவிரல் படம். துறைத் தலைவரின் சுற்றறிக்கைக்கும் அதுதான், சம்பந்தி அனுப்பும் காலை வணக்கத்துக்கும் அதுதான். யாருக்கும் மனம் கோணாது, பேச்சும் வளராது. இன்று அவளிடமிருந்து வந்தவற்றுக்கும் வரிசையாகப் போட்டுவிட்டுக் கட்டுரையில் உட்கார்ந்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் உலகு பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்தாள். இட்லிக்கு இரண்டு சட்னி.

ஜூலை 31, வியாழன்

மாதாமாதம் மருந்துக்கடைக்குப் போவது என் வேலை. பையை எடுத்தேன். "மாத்திரை இருக்குங்க, இப்ப வேண்டாம்" என்றாள். ஊசி மருந்தும் மிச்சமிருக்கிறதாம். ஒரு நடை மிச்சம்.

அடுப்பில் ஆவாரம்பூவும் என்னவோ பொடியும் கொதிக்கிறது. வீடெல்லாம் அந்த வாடை. பொடி கூரியரில் வந்ததாம். கசப்பாக எதையாவது குடித்தால் நல்லது என்று பெண்களுக்கு ஒரு நம்பிக்கை.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஒப்புக்கொள்கிறேன், வகுப்பு எனக்குப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு படத்தைக் கொடுத்தால் அது முதலில் எங்கே வந்தது என்று தேடிப் பிடிக்கப் பிள்ளைகள் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இந்த ஊர் வெள்ளம் என்று எல்லாரும் பகிர்ந்த படம், எங்கோ வடக்கே பழைய வெள்ளத்தில் எடுத்தது. ஒரு செப்பேடு போலி என்று கண்டுபிடித்த நாள் எனக்கு எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. வேதியியல் பையன்கள் மேசையைத் தட்டினார்கள்.

சாயங்காலம் ஒரு வளைகாப்புக்குப் போனோம். உலகு இளைத்துவிட்டாள் என்று எல்லாரும் சொன்னார்கள். "என்ன அக்கா செய்தீங்க?" என்று ஒரு கூட்டமே சுற்றி நின்றது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

குளியலறையில் எறும்பு. தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் அதே இடத்தில் திரும்பவும் மொய்க்கிறது. இவ்வளவு வருடத்தில் இந்த வீட்டில் இப்படி வந்ததில்லை. எறும்புப் பொடி வாங்கிப் போட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தின விழா. சால்வை. அருள்செல்வம் பேசும்போது, "கோமதிநாயகம் சார் புதுத் தாளை எங்கேயோ கொண்டுபோயிட்டாரு" என்றார். எங்கே என்று சொல்லவில்லை.

உலகுவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டுமாம். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றாள். போனையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் என்னத்துக்கு ஆகும் என்று கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள். இப்போதெல்லாம் படுக்கைப் பக்கத்தில் ஒரு செம்பு போதவில்லை அவளுக்கு. வெயில் அப்படி.

செப்டம்பர் 15, திங்கள்

ஒப்படைப்பு கொடுத்தேன். உங்கள் வீட்டில் இப்போது நம்பப்படும் ஒரு வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்பவர் யார், என்ன விற்கிறார், அதற்குக் கீழே சாட்சி சொல்பவர்கள் யார் யார் என்று தேடிப்போங்கள். ஒரு சாட்சியையாவது ஆளைக் கண்டுபிடித்து, அவருக்கு எப்படித் தெரியும் என்று விசாரியுங்கள்.

"வீட்ல உள்ளவங்களக் கேலி பண்ணுற மாதிரி ஆயிராதா சார்?" என்று ஒரு பையன் கேட்டான்.

"கேலி பண்ணாதீங்க. கூட உக்காந்து பாருங்க. அது போதும்" என்றேன். நல்ல பதில் என்று எனக்கே தோன்றியது.

செப்டம்பர் 24, புதன்

உலகுவுக்குப் புதுச் செருப்பு கடித்துவிட்டது. இடது காலில் சுண்டுவிரல் ஓரம். மஞ்சள் அரைத்து வைத்திருக்கிறாள். வலிக்கவில்லை என்கிறாள்.

அக்டோபர் 6, திங்கள்

ஜெபக்கனி என் அறைக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

"சார், நான் வேற தலைப்பு எடுத்துக்கிடட்டுமா?"

"ஏன்? முடிக்கலையா?"

"முடிச்சிட்டேன் சார். ஆனா அத வகுப்புல சொல்ல முடியாது."

கடைசி நேரத்தில் தலைப்பு மாற்றும் வேலையெல்லாம் என்னிடம் நடக்காது. முடித்ததைச் சொல்ல என்ன பயம், சான்று இருந்தால் யாரைப் பற்றியும் சொல்லலாம் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள். போகும்போது, "சார், வீட்ல அம்மா நல்லா இருக்காங்களா?" என்றாள். என்ன கேள்வி இது? நன்றாக இருக்கிறார்கள் என்றேன்.

அக்டோபர் 8, புதன்

ஒப்படைப்பு வகுப்பு. ஜெபக்கனி வரவில்லை. நாளை வந்து காரணம் சொல்லாவிட்டால் மதிப்பெண் கிடையாது என்று அவள் தோழியிடம் சொல்லி அனுப்பினேன்.

அக்டோபர் 9, வியாழன்

எழுதுவதா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன், நடந்தது நடந்தபடி.

ஜெபக்கனி காலையிலேயே வந்துவிட்டாள். மடிக்கணினியை என் மேசையில் வைத்துக் கதவைச் சாத்தட்டுமா என்று கேட்டாள். அவள் சித்திக்குச் சர்க்கரை. 'ஆசான்' என்று ஒருவர் பேசும் வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு மாதமாக மாத்திரையை நிறுத்திவிட்டாராம். பொடியும் அவரே விற்கிறார்.

"நான் சித்திகூட உக்காந்து பாத்தேன் சார், நீங்க சொன்ன மாதிரி. எதுக்கு நம்புறீங்கன்னு கேட்டேன். கீழ ஒரு பேராசிரியர் வீட்டம்மா எழுதியிருக்காங்க, பேராசிரியரே சரின்னு சொல்லியிருக்காரு, அப்புறம் என்னன்னாங்க. அந்தச் சாட்சியத் தேடிப் போனேன்."

திரையைத் திருப்பினாள். எல்லாக் கருத்துகளுக்கும் மேலே, நகராதபடி பொருத்தி வைத்த கருத்து. பக்கத்தில் சின்ன வட்டத்தில் ஒரு படம். ரேவதி கல்யாணத்தில் நானும் உலகுவும் மாலையோடு நிற்பது.

'ஆசானுக்கு வணக்கம். என் கணவர் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவருக்கு உங்கள் வீடியோவை அனுப்பி, நிறுத்தலாமா என்று கேட்டேன். அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மாத்திரையும் ஊசியும் நிறுத்தினேன். இரண்டு மாதம் ஆயிற்று. உடம்பு லேசாக இருக்கிறது. ஊசிக்குப் பயந்தவள் நான். உங்களுக்குக் கோடி புண்ணியம். உலகம்மை கோமதிநாயகம், திருநெல்வேலி.'

அதன் கீழே பதில்கள். நிஜமாவா அக்கா. பேராசிரியரே சொல்லிட்டாரா. அப்ப நானும் நிறுத்துறேன். எங்க அம்மாவுக்கும் சொல்றேன். போய்க்கொண்டே இருந்தது. ஜெபக்கனியின் சித்தி பெயரும் அதில் இருந்தது.

"சித்திய மறுபடி டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிட்டேன் சார். அம்மாவ உடனே பாருங்க" என்றாள்.

அறைக்கு வெளியே மணி அடித்தது. எனக்கு வகுப்பு இருந்தது. போகவில்லை.

வீட்டுக்கு வந்தால் உலகு அடுக்களையில் முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "காலக் காட்டு" என்றேன். காட்டவில்லை. நானே குனிந்து துணியைப் பிரித்தேன். சுண்டுவிரல் கறுத்திருந்தது. வாடையில் தலை சுற்றியது. இந்த வாடையைத்தான் இரண்டு மூன்று நாளாக நான் செத்த எலி என்று அலமாரிக்குப் பின்னால் தேடிக்கொண்டிருந்தேன்.

"வலிக்கலேங்க" என்றாள் திரும்பவும்.

"யாரக் கேட்டு நிறுத்துன?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "ஒங்களத்தான்" என்றாள்.

அக்டோபர் 10, வெள்ளி

மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். சர்க்கரை நானூற்றைம்பதுக்கு மேல். அங்கிருந்த டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நீங்க என்ன வேலை பாக்கீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 13, திங்கள்

சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். இத்தோடு நின்றால் பாதம் பிழைக்கும், பார்ப்போம் என்கிறார்கள். ரேவதி வந்துவிட்டாள். "நீங்க வீட்லதானப்பா இருந்தீங்க?" என்று ஒரு தடவை கேட்டாள். அப்புறம் என்னோடு பேசவில்லை.

நான் சரி என்று சொல்லவில்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நிறுத்தலாமா என்று அவள் என்னிடம் கேட்கவே இல்லை. மயக்கத்தில் ஏதோ நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள். சர்க்கரை ஏறினால் புத்தி தடுமாறும் என்று டாக்டரே சொன்னார்.

அக்டோபர் 15, புதன்

மருத்துவமனைக் கேண்டீனில் உட்கார்ந்து போனில் உலகுவின் செய்திகளைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். ஜூலை 14. ஆசான் வீடியோ. அதன் கீழே அவள் குரல்பதிவு. அதன் மேல் என் கட்டைவிரல். பதிவைக் காதில் வைத்துக் கேட்டேன். முதல் முறையாக.

"ஏங்க, இதக் கொஞ்சம் பாருங்களேன். மாத்திரையும் ஊசியும் வேண்டாம், பொடி போதும்னு சொல்லுதாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்குப் பயமாவும் இருக்கு. நேர்ல கேட்டா நீங்க எம்மேல எரிஞ்சு விழுவீங்க. நீங்க படிச்சவுக, பாத்துச் சொல்லுங்க. நிறுத்தட்டுமா?"

பின்னால் குக்கர் விசில் சத்தம் கேட்கிறது. நான் சுவருக்கு மறுபக்கம் இருந்திருக்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வார்டில் ஒரு செவிலியர் எல்லாருக்கும் சுண்டல் கொடுத்தார். உலகு பாதியை எனக்கு வைத்திருந்தாள். கால் ஆறுகிறது. பாதம் தப்பியது என்று டாக்டரம்மா சொன்னார். நான் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

நவம்பர் 3, திங்கள்

வீட்டுக்கு வந்து ஒரு வாரம். ஊசி நான்தான் போடுகிறேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், நான் போடுகிறேன்.

ஜெபக்கனி பார்க்க வந்தாள். அவளை உலகுவின் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தக் கருத்தை அழிக்கச் சொன்னேன். சமூக ஊடகத் திறன் நடத்துகிற எனக்கு அழிக்கத் தெரியவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

"அழிச்சா அதுக்குக் கீழ உள்ள பதில் எல்லாமே போயிரும்மா" என்றாள் ஜெபக்கனி. "யாரு யாரு நிறுத்துனாங்கன்னு அப்புறம் தெரியாது."

உலகு யோசித்தாள். "அப்ப அழிக்காத. ஒவ்வொருத்தருக்கா எழுதுவோம். எம்பேர நம்பித்தான நிறுத்துனாவ."

"என் பெயரை நம்பி" என்றேன்.

அவள் ஜெபக்கனியிடம் வேறொன்று கேட்டுக்கொண்டிருந்தாள். குரல்பதிவு அனுப்பினால் அதில் ஒரு சின்ன மைக் படம் இருக்கிறதே, அது எதற்கு என்று. எதிராளி கேட்டுவிட்டால் அது நீலமாக மாறும் என்று அந்தப் பெண் சொன்னாள். உலகு தன் போனை எடுத்து, எனக்கு அனுப்பியவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். எல்லாம் சாம்பல் நிறம். ஒன்றே ஒன்று நீலம்.

"இது இப்பிடின்னு எனக்கு யாரு சொல்லித் தந்தா" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. போனைப் பார்த்துத்தான் சொன்னாள்.

நவம்பர் 5, புதன்

பாடத்திட்டக் குழு. இந்தத் தாள் அடுத்த வருடம் வேண்டுமா என்பது பேச்சு. ஜூலையில் இதை எடுத்துவிட வேண்டும் என்று காரசாரமாக எழுதிக் கொடுத்தவனே நான்தான். அருள்செல்வம் அந்தக் கடிதத்தை என் முன்னால் தள்ளி வைத்தார். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், "போனைப் பாக்கறதுக்கெல்லாம் பல்கலைக்கழகத்துல பாடமா சார்? வீட்டுல தானா வர்ற விஷயம்" என்றார்.

நான்கு மாதம் முன்னால் நான் சொன்ன அதே வாக்கியம். அப்போது எனக்கு அது புத்திசாலித்தனமாகப் பட்டது.

"என் வீட்டுல தானா வரல" என்றேன். நடந்ததைச் சொன்னேன், கட்டைவிரல் உட்பட. "என் மனைவி காலு இருக்குன்னா, இந்தத் தாளப் படிச்ச ஒரு பொண்ணு சாட்சியத் தேடிப் போனதுனாலதான். நான் நடத்துனேன். அவ படிச்சா. எடுக்காதீங்க" என்றேன். தாள் இருக்கும் என்று முடிவாயிற்று. வெற்றி என்று எனக்குத் தோன்றவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

உலகு பேசினாள், ஜெபக்கனி படம் எடுத்தாள், நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டுப் போட்ட காலை முக்காலியில் தூக்கி வைத்தாள். முகத்தை மறைக்கலாமா என்று அந்தப் பெண் கேட்டதற்கு, "நிறுத்தச் சொன்னப்ப மொகத்தக் காட்டித்தான சொன்னேன்" என்றாள்.

"நான்தான் உலகம்மை. என் வீட்டுக்காரரு சரின்னு சொன்னதா எழுதியிருந்தேன். அவரு அதப் பாக்கவே இல்ல. எனக்குத் தெரியாமப் போச்சு. எனக்கு ரெண்டு விரலு போயிருச்சு. நிறுத்துனவங்க இன்னிக்கே டாக்டரப் பாருங்க" என்றாள். எடுத்து முடித்ததும் தண்ணீர் கேட்டாள்.

அவள் சொன்னதில் 'பாக்கவே இல்ல' என்பதை மட்டும் எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கேட்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

அவளுடைய பழைய கருத்தைத் திருத்தி, அதில் நடந்ததை எழுதினோம். அதை மேலே பொருத்தி வைத்திருந்தவர்கள் உடனே இறக்கிவிட்டார்கள். ஆனால் பதில்கள் போகவில்லை. வகுப்பே உட்கார்ந்து நிறுத்தியதாகச் சொன்ன ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்கிறது. வேதியியல் பையன்களும்தான். சிலர் நன்றி அக்கா, திரும்ப ஆரம்பித்துவிட்டேன் என்கிறார்கள். ஒருவர், மருந்துக் கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்று கேட்டிருக்கிறார். உலகு அதையும் படித்தாள். "அவருக்கும் இன்னொருக்க எழுது" என்றாள்.

நவம்பர் 20, வியாழன்

ஒருவரைத் தவிர எல்லாரிடமிருந்தும் ஏதோ ஒரு பதில் வந்துவிட்டது. அந்த ஒருவர் ராஜபாளையத்துப் பெண், பெயர் மங்களேஸ்வரி. ஆகக் கடைசியாக நிறுத்தியவர். 'எனக்கும் ஊசின்னா பயம் அக்கா. உங்களப் பார்த்துத்தான் தைரியம் வந்துச்சு' என்று எழுதியிருந்தார். உலகு தினமும் அந்த வரியைத்தான் எடுத்து வைத்துப் பார்க்கிறாள். சாப்பாடு சரியாக இறங்கவில்லை அவளுக்கு.

இன்று சாயங்காலம் உள்ளறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து போனில் ஒரு குரல்பதிவு வந்தது. பேனாவை வைத்துவிட்டு முழுக்கக் கேட்டேன். "பதில் வந்திருக்கு, வாங்க" என்று மட்டும் இருந்தது. எழுந்து ஓடினேன்.

எங்கள் வீடியோவின் கீழே மங்களேஸ்வரி பெயர். வார்த்தை எதுவும் இல்லை. ஒரே ஒரு கட்டைவிரல்.

உலகு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"கேட்டிருப்பாளாங்க?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"இதுக்கு அந்த நீலம் மாதிரி ஒண்ணும் கிடையாதா?"

கிடையாது என்றேன். இவ்வளவு வருடம் எத்தனை பேருக்கு நான் அதைப் போட்டிருப்பேன். பார்த்துப் போட்டது எது, பார்க்காமல் போட்டது எது என்று எனக்கே தெரியாது.

நவம்பர் 21, வெள்ளி

மங்களேஸ்வரியின் பழைய படம் ஒன்றில் பின்னால் ஒரு தையல்கடைப் பலகை தெரிகிறது. ஜெபக்கனி அதைப் பெரிதாக்கி, கடை எந்தத் தெரு என்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். போன் எண் கிடைக்கவில்லை. வகுப்பை அருள்செல்வத்திடம் ஒப்படைத்துவிட்டுக் காலையிலேயே கார் பேசியிருக்கிறேன். உலகு கட்டுக்கு மேல் துணிச் செருப்பு போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நிற்கிறாள். ஊசி மருந்தையும் ஐஸ் டப்பாவில் எடுத்துக்கொண்டாள், எப்படிப் போட வேண்டும் என்று மங்களேஸ்வரிக்குக் காட்டுவதற்காம். கடை பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்போம்.